விக்கலுக்குப் பின் ஒரு வாய்

அந்த வீட்டில் ‘போதும்’ என்ற சொல்லுக்கு ‘இன்னும் இரண்டு கரண்டி’ என்று அர்த்தம். ‘போதும் போதும்’ என்றால் நாலு கரண்டி. தட்டின் மேல் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தால், விரல் இடுக்கு வழியாக ஊற்று என்று அர்த்தம். வேண்டாம் என்று சொல்வது சாப்பிடுகிறவரின் மரியாதை. அதைக் காதில் வாங்காமல் இருப்பது பரிமாறுகிறவரின் அன்பு. அவள் அப்படித்தான் வளர்ந்தாள். அவளைக் கட்டிக்கொண்டவரும் அப்படித்தான் வளர்ந்தார், முக்கியமாகக் குறுக்குவாட்டில்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஓட்டுநர் பள்ளியின் சின்ன வெள்ளைக் காரில், கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கோடு உட்கார்ந்திருப்பவர். உட்கார்ந்திருப்பவர் என்பதைவிட நிரம்பியிருப்பவர் என்று சொல்லலாம். அவர் ஏறினால் கார் அந்தப் பக்கமாகச் சாய்ந்து ஒரு கும்பிடு போடும். மூன்றாவது கியருக்கும் அவருடைய முழங்காலுக்கும் எப்போதும் எல்லைத் தகராறு. பள்ளியில் அவரை ‘லாரி சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் ஹாரன் அடிப்பதுபோல் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பார்.

மூட்டு தேய்ந்தது. சர்க்கரை ஏறியது. தூக்கத்தில் குறட்டைக்கு நடுவே மூச்சே நின்று நின்று வந்தது. கடைசியில் டாக்டர், இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனைச் செய்துவிட்டார். “இனிமே உங்க இரைப்பை ஒரு வாழைப்பழம் அளவுதான்” என்று தாளில் படம் வரைந்து காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். இரைப்பைக்குச் செய்தி போய்விட்டது. கரண்டிக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

முதலில் தண்ணீர் மாதிரி சூப், பிறகு கூழ் மாதிரி மசித்தது என்று இருந்தவரை வம்பில்லை. அதெல்லாம் மருந்து. மருந்தை அவள் அளந்துதான் கொடுத்தாள். “இனி மெதுமெதுன்னு இருக்குற சாப்பாடு சாப்பிடலாம்” என்று அனுமதி கிடைத்த நாளில்தான் வினை ஆரம்பித்தது. அது மருந்தில்லை, சாப்பாடு. சாப்பாட்டை எந்த வீட்டில் அளப்பார்கள்?

சாப்பிட்டதெல்லாம் வந்த வழியே திரும்பியது. நெஞ்சுக்கு நடுவில் கல் உட்கார்ந்த மாதிரி ஒரு வலி, வாயெல்லாம் நுரை, அப்புறம் குளியலறைக்கு ஓட்டம். ஒருநாள் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, கதவைத் திறந்து, ஒரு பூந்தொட்டியை நாசம் செய்துவிட்டார். பள்ளி முதலாளி கூப்பிட்டுப் பேசினார்.

“சார், ரெண்டாவது பிரேக் உங்க கால்லதான் இருக்கு. தலை சுத்துற ஆளை நம்பி வண்டியை ரோட்டுல விட முடியுமா? டாக்டர் சரின்னு எழுதிக் கொடுக்கட்டும், மறுநாளே சாவி உங்க கையில. அதுவரைக்கும் ஃபோனைப் பாத்துக்குங்க.”

ஊரையே ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, “ஹலோ, ஓட்டுநர் பள்ளி” என்று சொல்ல ஆரம்பித்தார். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக் கார் வேறொருவரோடு புறப்படும்போதெல்லாம், மேஜைக்கு அடியில் அவர் கால் இல்லாத பிரேக்கை அழுத்தும்.

டாக்டர் குழாய் விட்டு உள்ளே பார்த்தார். “அடைப்பு ஒண்ணும் இல்ல. வழி சுத்தமா இருக்கு. சாப்பிடுற விதத்துலதான் எங்கயோ தப்பு நடக்குது” என்றார். “உடம்புல சத்தே நிக்க மாட்டேங்குது. அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தா, அட்மிட் பண்ணி ஊசி வழியாத்தான் சத்து ஏத்தணும்.”

இந்தச் செய்தி கேட்டுத்தான் அவருடைய அக்கா, இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினாள். ஒரு பெட்டியில் துணி, இன்னொன்றில் அவள் தலையணை. வேறு தலையணையில் அவளுக்குத் தூக்கம் வராது. மற்றவர்கள் விஷயத்தில் தலையிடாவிட்டால் பகலிலும் இருப்புக் கொள்ளாது.

“என்னடா தம்பி, இப்படி ஆயிட்டே! மூஞ்சி ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம் போகுதே” என்று வாசலிலேயே ஆரம்பித்தாள்.

“கொஞ்சம் இளைச்சிருக்கேன்க்கா.”

“இளைச்சிருக்கியா? பாதி ஆளைக் காணோம்டா!”

மறுநாள் மதியம் மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்கும் ஓட்டுநர் பள்ளிக்கும் கூப்பிடு தூரம். மனைவியின் கடையும் பக்கத்திலேயேதான். துணியைப் பிடித்துத் தைப்பது, நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று ஒற்றை மிஷின் போட்ட கடை. அதனால் மதியச் சாப்பாடு எப்போதும் வீட்டில்தான். முள் எடுத்த மீனை வேகவைத்து, மேலே கொஞ்சம் மிளகு தூவியிருந்தாள். அவர் சின்னக் கரண்டியால் கிள்ளி வாயில் போட்டு, மெல்லத் தொடங்கினார். நன்றாகக் கூழாகும்வரை மெல்ல வேண்டும் என்பது உத்தரவு.

“என்னடா இது, மீனோட பேச்சுவார்த்தை நடத்துற மாதிரி இருக்கு” என்றாள் அக்கா.

இன்னொரு கரண்டி. இன்னொன்று. அடுத்ததை விழுங்கினார்.

“விக்!”

“யாரோ நினைக்கிறாங்க” என்றாள் நாத்தனார்.

“நினைக்கிற ஆளுங்க எல்லாரும் இங்கதானே உட்காந்திருக்கீங்க... விக்!”

“அப்போ இங்க இல்லாத யாரோ.”

விக்கினால் தண்ணீர் குடிக்கலாம். ஆனால் சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது என்பது இன்னொரு உத்தரவு. தண்ணீர் இல்லாத விக்கலுக்கு ஒரே ஒரு வைத்தியம்தான் உண்டு. நினைக்கிறவர் யாரென்று சரியாகச் சொல்லிவிட்டால் நின்றுவிடும். நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வைத்தியத்தில் இறங்கினாள்.

“பெரியம்மா?”

“விக்!”

“உன் முதலாளி?”

“விக்!”

“கடன் வாங்கிட்டுக் காணாமப் போனானே, உன் சிநேகிதன்?”

“அவன் எதுக்குக்கா என்னை... விக்!”

“யாரோ ஒரு பல் டாக்டர் பொண்ணு, அஞ்சு தடவை டெஸ்ட்ல ஃபெயில் ஆனான்னு சொன்னியே, அவளா?”

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். விக்கல் வரவில்லை.

“ஆங்!” என்றாள் நாத்தனார், திருடனைப் பிடித்த மாதிரி.

“சும்மா இருங்க அண்ணி” என்று அவள் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு சரி. “நின்னுடுச்சுல்ல? இந்தாங்க, ஒரே ஒரு வாய். எனக்காக.”

“போதும்மா.”

போதும் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? கரண்டி அவர் உதடு வரை போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கரண்டிக்கு மறுப்பே சொல்லாத வாய் தானாகத் திறந்தது. கொஞ்ச நேரத்தில் குளியலறையிலிருந்து லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த நாளும் அதேதான். சில வாய் உள்ளே போனதும் விக்கல், பெரியம்மா, முதலாளி, சிநேகிதன், பல் டாக்டர், நிசப்தம். அதற்கு அடுத்த நாளும் பல் டாக்டரிடம்தான் நின்றது. நாத்தனார் தினமும் அதே வரிசையில்தான் கேட்டாள் என்பதும், விக்கலும் தினமும் ஏறக்குறைய அவ்வளவுதான் வந்தது என்பதும் அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அவளுக்கு வேறு ஏதேதோ தோன்ற ஆரம்பித்தது.

கடையில் உட்கார்ந்து அவருடைய பேண்ட்டைப் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். இடுப்பை எத்தனை தடவைதான் பிடிப்பது? பின்பக்கத்து இரண்டு பாக்கெட்டும் நெருங்கி நெருங்கி வந்து, இப்போது ஒட்டுக்குடித்தனம் நடத்தின. புதிய பேண்ட் வாங்கலாம் என்று நேற்று அவரே சொன்னார். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதை இத்தனை வருஷத்தில் இப்போதுதான் அவள் பார்க்கிறாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கவலை. அந்தக் கழுத்தை வேறு யார் யார் பார்த்தார்களோ? அவள் மட்டும் பழைய அளவிலேயே இருந்தாள். இரண்டு பேர் சேர்ந்து ஏறிய வண்டியில் ஒருவர் மட்டும் முன்னாலேயே இறங்கிக்கொண்ட மாதிரி.

அப்போதுதான் ஒரு வெள்ளைக் கோட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். கை நீளம் குறைக்க வேண்டுமாம். ஒல்லியான, படபடப்பான பெண்.

“நீங்க லாரி சார் வீட்டம்மாதானே?”

“ஆமா. நீங்க?”

“நான் அவர் ஸ்டூடண்ட். பல் டாக்டர்.”

அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தவள், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சார் எப்ப திரும்பி வருவார்? வேற யார் பக்கத்துல உட்காந்தாலும் எனக்குக் கை நடுங்குது. அவரையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்.”

கோட்டின் கையில் குத்தப்போன குண்டூசி நகக்கண்ணில் இறங்கியது. அவள் கத்தவில்லை.

“எப்பல்லாம் நினைப்பீங்க?” என்று கேட்டாள், கோட்டின் கையைப் பார்த்தபடி.

“எப்பவும்தான்! பேஷண்ட் வாயைத் திறந்துக்கிட்டு இருப்பாங்க, நான் ‘கிளட்ச்சை விடாதே, விடாதே’ன்னு சொல்லிக்கிட்டிருப்பேன். மத்தியானம்தான் ரொம்ப. ஒன்றரை மணிக்கு கிளினிக்ல யாரும் இருக்க மாட்டாங்களா, அப்ப கண்ணை மூடிட்டு சார் சொன்னதெல்லாம் ஒவ்வொண்ணா...”

ஒன்றரை மணி. அவர் விக்குகிற நேரம்.

கோட்டின் கையை அன்றைக்கு அவள் ஒரு சாண் அதிகமாகவே வெட்டிவிட்டாள். தெரிந்தா தெரியாமலா என்பது அவளுக்கும் அந்தக் கத்தரிக்கோலுக்கும் மட்டுமே தெரியும்.

மதியம் முட்டையை மசித்துத் தட்டில் வைத்தாள். நங்கென்று வைத்தாள். அவர் ஏதும் அறியாமல் மென்றார், விழுங்கினார். மென்றார், விழுங்கினார்.

“விக்!”

நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்தாள். தட்டை அவர் முன்னாலிருந்து பிடுங்கினாள்.

“யாரு நினைக்கிறாங்களோ அவங்களே வந்து ஊட்டட்டும்!”

“ஏய், என்ன ஆச்சு? இன்னும் முடிக்கலையே... விக்!”

“வயிறு நிறைய நினைப்பு இருக்குல்ல, அது போதும்!”

தட்டு சமையலறைக்குப் போய்விட்டது. பாத்திரங்கள் உருண்டன. அவர் வெறும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழிந்தது. நெஞ்சில் கல் உட்காரவில்லை. நுரை வரவில்லை. குளியலறைக் கதவு சும்மா இருந்தது.

மறுநாளும் விக்கல் வந்தவுடன் தட்டு பறந்தது. மறுநாளும் எதுவும் திரும்பி வரவில்லை.

மூன்றாம் நாள் நாத்தனார் தன் முடிவை அறிவித்தாள். “எனக்கு அப்பவே தெரியும். சண்டை போட்டா உடம்புல சூடு ஏறும். அந்தச் சூட்டுல செரிக்குது. இவ்வளவு நாள் நீங்க ரெண்டு பேரும் கொஞ்சிக் குலாவினதுதான் தப்பு.”

“என்னக்கா சொல்ற!”

“நீயே பாரு. சமாதானமா இருந்தப்ப ஒரு வாய் தங்கிச்சா? இப்போ தங்குதுல்ல?”

அன்று மாலை மனைவி துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து தயங்கி நின்றார்.

“இந்தக் கோபம் எவ்வளவு நாள் இருக்கும்?”

“ஏன்?”

“இல்ல, டாக்டரைப் பாக்குற வரைக்கும் இருந்தா நல்லா இருக்கும். அதான், ஏதாவது சமாதானம் ஆயிடப் போறியேன்னு...”

அவள் மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். அது அவருக்கு நிம்மதியாக இருந்தது.

நாத்தனார் மருந்து குறையாமல் பார்த்துக்கொண்டாள். தினமும் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், “இவன் பள்ளிக்கூடத்துல ஒரு பொண்ணுக்குத் தினமும் பென்சில் சீவிக் கொடுப்பான், சொல்லியிருக்கானா உங்கிட்ட?” என்பாள். இன்னொரு நாள், “உன்னைப் பொண்ணு பாத்துட்டு வந்து, ‘மூக்கு கொஞ்சம் பெரிசு’ன்னான்” என்று எடுத்து விட்டாள். அது நன்றாக வேலை செய்தது. அன்றைக்கு அவர் கோழியே சாப்பிட்டுத் தாக்குப்பிடித்தார். கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது.

இப்படியே போயிருந்தால் எங்கே போய் முடிந்திருக்குமோ தெரியாது. ஆனால் அவளால் கோபத்தை நீண்ட நாள் வைத்துக்கொள்ள முடியாது. பிரித்த தையல் மாதிரி, எங்காவது ஒரு நூல் பிடித்துக்கொள்ளும்.

டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய நாள் கடையில் மிஷின் பெல்ட் அறுந்துவிட்டது. பழுது பார்ப்பவர் தன் கடைக்கு மிஷினைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். அவள் ஆட்டோ தேடிக்கொண்டிருந்தபோது, ஃபோன் மேஜையிலிருந்து எழுந்து வந்தார் லாரி சார். சட்டைக் கையை மடித்தார். அந்த இரும்பு மிஷினை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தார். பழுது பார்த்ததும் திரும்பவும் தூக்கி வந்து, அதன் இடத்திலேயே வைத்தார். முன்பெல்லாம் வீட்டுப் படியேறினாலே, மேல்படியில் நின்று மூச்சு வாங்கும் மனுஷன்.

“மூச்சு வாங்கலையா உங்களுக்கு?” என்று அவளை அறியாமல் கேட்டுவிட்டாள். அந்த வாரம் அவரோடு அவள் கோபமில்லாமல் பேசிய முதல் பேச்சு அது.

“வாங்கலையே!” என்றார் அவரும் ஆச்சரியமாக. இரண்டு பேரும் அந்த மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று மதியம் மீன் வாங்கினாள். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மேஜையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாத்தனார் பென்சில் கதையை எடுத்தபோது, “சின்னப் பசங்கதானே அண்ணி” என்று சிரித்துவிட்டாள். நாத்தனார் அவசரமாக அடுத்த கதையைத் தேட ஆரம்பித்தாள்.

“விக்!”

தட்டு அசையவில்லை. பறிக்க வேண்டிய கை, நல்ல நடுத்துண்டாக ஒரு வாய் எடுத்து நீட்டியது.

“இதை மட்டும். இன்னைக்கு மிஷின் தூக்கினீங்களே, அதுக்கு.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு வாரமாகப் பார்க்காத முகம். வாயைத் திறந்தார்.

குளியலறைக்கு வெளியே அவள் கதவில் சாய்ந்து நின்று அழுதாள். “நான் சண்டையே போட்டிருக்கணும். எல்லாம் என்னால.”

“நான்தான் அன்னைக்கே சொன்னேனே, சமாதானம் ஆகாதேன்னு” என்று உள்ளேயிருந்து, நடுவில் இடைவெளி விட்டு, குரல் வந்தது.

மறுநாள் மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டருக்கு முன்னால் உணவு ஆலோசகரைப் பார்க்க வேண்டும். கொண்டையில் பேனாவைச் செருகியிருந்த இளம்பெண். அறை முழுக்க பிளாஸ்டிக் சாப்பாடு: பிளாஸ்டிக் முட்டை, பிளாஸ்டிக் கோழிக்கால், பிளாஸ்டிக் ஆப்பிள். நாத்தனார் போனவுடன் பிளாஸ்டிக் மீனை எடுத்து அழுத்திப் பார்த்து, “கெட்டுப் போகாதுல்ல?” என்று கேட்டாள்.

ஆலோசகர் எடை பார்த்தார். “நடுவுல ஒரு வாரம் நல்லாத் தங்கியிருக்குன்னு சொல்றீங்க. அந்த வாரம் என்ன பண்ணீங்க?”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சண்டை போட்டோம்” என்றார் லாரி சார்.

“என்னது?”

“எனக்கும் இவளுக்கும் சண்டை. தினமும். சாப்பாட்டு நேரத்துல.”

“சண்டை போட்டா செரிக்குமா?” என்று அவள் தலையைக் குனிந்தபடி கேட்டாள். “செரிக்கும்னா நான் போடுறேன். கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா போடுறேன்.”

ஆலோசகர் கொண்டையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதவில்லை. “சண்டைன்னா என்ன பண்ணுவீங்க? எனக்குச் சரியாச் சொல்லுங்க.”

“இவர் சாப்பிட்டுக்கிட்டு இருப்பார். தட்டைப் பிடுங்கிட்டுப் போயிடுவேன்.”

“எப்ப பிடுங்குவீங்க?”

“விக்கல் வந்ததும்.”

“சண்டை போடாத நாள்ல?”

“விக்கல் நின்னதும், எனக்காக ஒரு வாய்னு கொடுப்பேன்.”

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிரிக்கக் கூடாது என்று அவர் உதட்டைக் கடித்துக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்தது. கடைசியில் சிரித்தேவிட்டார்.

“அம்மா, அந்த விக்கல்தான் அவரோட இரைப்பை அடிக்கிற மணி. இடம் நிறைஞ்சுபோச்சு, கதவை மூடுன்னு சொல்லுது. இந்த ஆபரேஷன் ஆனவங்க நிறைய பேருக்கு இப்படி ஏதாவது ஒண்ணு வரும். சிலருக்குத் தும்மல், சிலருக்கு மூக்குல தண்ணி. ஒருத்தருக்குப் பெருமூச்சு வரும். அவருக்கு ஏதோ தீராத கவலைன்னு வீட்டுல எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தாங்க. அந்த மணி அடிச்சதுக்கு அப்புறம் உள்ளே போற ஒரு வாய்தான் எல்லாத்தையும் வெளியே இழுத்துட்டு வருது.”

“அப்போ பல் டாக்டர்?” என்று அவள் வாயிலிருந்து நழுவிவிட்டது.

“எந்தப் பல் டாக்டர்? பல்லுல ஏதாவது பிரச்சனையா? மெல்ல முடியலையா சார்?”

“பல்லு நல்லாத்தான் இருக்கு” என்றார் லாரி சார். அவர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். அந்த ஒரு வாரத்துக் கோபத்தின் விலாசம் அப்போதுதான் அவருக்குக் கிடைத்தது. “அடிப்பாவி! அந்தப் பொண்ணா? அது பக்கத்துல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுல்ல உட்காந்திருப்பேன்!”

நாத்தனார் பிளாஸ்டிக் மீனை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே மிகுந்த அக்கறையோடு பார்த்தாள்.

“அட்மிஷன் இப்போ வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்றேன்” என்றார் ஆலோசகர். “ரெண்டு வாரம் பாப்போம். ஆனா ஒண்ணு. மணி அடிக்கிறது கடைசி எச்சரிக்கைதான். அதை நம்பிக்கிட்டே எப்பவும் ஓட்ட முடியாது. அதுக்கு முன்னாடியே அவரா நிறுத்தக் கத்துக்கணும்.”

“புரியுது” என்றார் அவர். “நான் பிரேக் போட்டு வண்டி நின்னா, அது ஓட்டக் கத்துக்கிட்டதா ஆகாது. ஓட்டுறவங்க போடணும்.”

புரிவது சுலபமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும்தான் கஷ்டம் தெரிந்தது. அவரைவிட அவளுக்கு. குக்கர் விசிலுக்குக் காத்திருப்பதுபோல் விக்கலுக்குக் காத்திருந்தாள். “விக்” என்றதும் அவள் கை தானாகக் கரண்டிப் பக்கம் நகரும். அதை மடியில் வைத்து, இன்னொரு கையால் அமுக்கிக்கொள்வாள். தட்டில் மிஞ்சியிருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் அதன் மேல் ஒரு மூடியைப் போட்டுவிடுவாள். ஒருநாள் அவர் விழுங்கிக்கொண்டிருக்கும்போதே மூடிவிட்டாள்.

“நான் இன்னும் இருக்கேன்ம்மா” என்றார்.

ஆனால் தங்கியது. தினமும் தங்கியது. டாக்டர் எழுதிக் கொடுத்தார். முதலாளி, சொன்ன சொல் தவறாமல், சாவியைக் கையில் வைத்தார். ஆனாலும், “இன்னொரு பூந்தொட்டி போச்சுன்னா ஃபோனுதான் சார்” என்று சொல்ல மறக்கவில்லை.

முதல் நாள் காலைப் பாடங்களை முடித்துக்கொண்டு அவர் மதியம் வீட்டுக்கு வந்தார். பிற்பகலில் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். நாத்தனார் அன்று மாலை ஊருக்குப் புறப்படுகிறாள்; தலையணை பெட்டிக்குள் போய்விட்டது. எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து மனைவி பெரிய மீனாக வாங்கியிருந்தாள். அவர் கிள்ளி எடுத்தார். மென்றார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். சுவை அவர் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு அவள் கை எந்த அணைக்கும் கட்டுப்படவில்லை. இன்னும் விக்கல் வரவில்லையே என்று அவளே அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். நடுத்துண்டில், முள்ளே இல்லாத இடமாக, ஒரு வாய் எடுத்தாள்.

“போதும்” என்றார் அவர்.

கரண்டி நடுவழியில் நின்றது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் வரவில்லை.

“விக்கல் வரலையே?”

“வராது. வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்.”

“அப்படின்னா இடம் இருக்குன்னுதானேடா அர்த்தம்!” என்றாள் நாத்தனார். “ஒரு வாய்ல என்ன ஆயிடப் போகுது? நான் ஊருக்குப் போற நாள் வேற. கொடும்மா நீ. அவன் அப்படித்தான் சொல்லுவான்.”

அவர் கையைத் தட்டின் மேல் நீட்டித் தடுக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மீன் அவருக்குப் பிடித்திருந்தது என்பது அவளுக்குத் தெரியும். அவள் இன்னும் கொஞ்சம் நீட்டினால் அந்த வாய் திறந்துகொள்ளும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதனால்தான் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல அண்ணி” என்றாள். “அவர் போதும்னு சொல்லிட்டார்.”

நீட்டிய கரண்டியை என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படியே திருப்பித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான், அன்றைக்கு மீனில் உப்பு சரியாக இருந்தது என்பது அவளுக்குத் தெரிந்தது. பரிமாறி முடித்து, கடைசியில், சமையலறை மேடையருகே நின்றபடி சாப்பிடுகிறவளுக்கு உப்பு தெரிய என்றைக்கு நேரம் இருந்தது?

“உட்காரு” என்று பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார் அவர். “எனக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு. முன்னெல்லாம் சாப்பிட்டு முடிக்கவே அந்த நேரம் பத்தாது. இப்போ என்ன பண்றதுன்னே தெரியல.”

நாத்தனார் பெட்டியைப் பூட்டியதைச் சரிபார்க்க எழுந்து போனாள். அவள் உட்கார்ந்தாள். தனக்கென்று ஒரு தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

“காலையில யாரு முதல் பாடம்னு நினைக்கிற?” என்றார்.

“பல் டாக்டரா?”

“ஆமா. கோட்டோட வந்துச்சு. கை முழங்கை வரைக்கும்தான் இருக்கு. எந்தப் புண்ணியவதி தைச்சாங்கன்னு கேட்டேன்.”

அவளுக்குப் புரையேறியது. தலையைத் தட்டிக்கொண்டு, “என்ன சொன்னா?” என்றாள்.

“கியர் போட சௌகரியமா இருக்காம். அதைக் கேளு. ரவுண்டானாவைச் சுத்தி வரணும். நான் பிரேக்ல காலையே வைக்கல, மடிச்சுக்கிட்டு உட்காந்திருக்கேன். அது கண்ணை இறுக்கி மூடிக்கிச்சு...”

“ஐயய்யோ! ஓட்டும்போதா?”

“ஓட்டும்போதுதான். எதிர்ல ஒரு தண்ணி லாரி.”

அவள் ஒரு வாயை மென்றுகொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கைகளால் ஸ்டியரிங்கைப் பிடித்து, அந்தப் பெண்ணைப்போலவே தோளைக் குறுக்கிக் காட்டினார். தட்டில் மீன் ஆறிக்கொண்டிருந்தது. அவள் அவசரப்படவில்லை.

“அப்புறம்?” என்றாள்.